பாரனாய்ட் (இசைத்தொகுப்பு)

பாரனாய்ட் என்பது பிளாக் சபாத் என்னும் இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 1970 செப்டம்பர் 18 அன்று ஐக்கிய இராச்சியத்தில் வெர்ட்டிகோ நிறுவனத்தாலும், 1971 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தாலும் வெளியிடப்பட்டது. எட்டு ஆக்கங்களைக் கொண்ட இத்தொகுப்பு ஏறத்தாழ 42 நிமிடங்கள் நீளமானது. ஹெவி மெட்டல் இசைவகைக்கு அடித்தளம் இட்ட ஆக்கங்களுள் முதன்மையானவற்றில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அவ்விசையின் ஒலி எப்படி இருக்கும் என்பதை மட்டுமன்றி, அது எவற்றைப் பற்றிப் பாடும் என்பதையும் இத்தொகுப்பு பெருமளவில் வரையறுத்தது. போர், அணுகுண்டு அச்சம், போதைக்கு அடிமையாதல், மனச்சோர்வு ஆகியன இதன் பாடுபொருள்கள்.

தகவல் சுருக்கம்

- இசைக்குழு: பிளாக் சபாத்
- வெளியீடு: 1970 செப்டம்பர் 18
- ஒலிப்பதிவு: 1970 ஜூன், இலண்டன்
- இசைவகை: ஹெவி மெட்டல்
- தயாரிப்பாளர்: ராட்ஜர் பெய்ன்
- முந்தைய தொகுப்பு: பிளாக் சபாத் (1970)
- அடுத்த தொகுப்பு: மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி (1971)

பின்னணி

பிளாக் சபாத் குழுவின் நான்கு உறுப்பினர்களும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்ன், கிதார் கலைஞர் டோனி அயோமி, டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் ஆகிய மூவரும் 1948 இலும், பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர் 1949 இலும் பிறந்தனர். இரண்டாம் உலகப் போரில் செருமானிய வான்படையின் குண்டுவீச்சுக்குக் கடுமையாக உள்ளான தொழில் நகரம் பர்மிங்காம். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இடிபாடுகள் அகற்றப்படாத தெருக்களில் இவர்களது இளமைக்காலம் கழிந்தது. பள்ளிப் படிப்பை முடித்த ஆஸ்டன் இளைஞர்களுக்குத் தொழிற்சாலை வேலையே வழக்கமாகக் காத்திருந்தது. ஆஸ்போர்ன் சிலகாலம் விலங்குகளை வெட்டும் கூடத்தில் வேலை செய்தார். அயோமி உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றினார்.

அத்தொழிற்சாலையில் நேர்ந்த விபத்து ஒன்று இக்குழுவின் இசையையே மாற்றியமைத்தது. 1965 இல், தமது 17 ஆவது வயதில், இசையை முழுநேரத் தொழிலாகக் கொள்ளும் நோக்கில் அயோமி வேலையை விட்டு விலக முடிவு செய்திருந்தார். வேலையின் இறுதி நாளன்று இயந்திரத்தில் சிக்கி அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அயோமி இடக்கைப் பழக்கம் உடையவர். ஆகையால் கிதாரின் தந்திகளை அழுத்தும் கை அவருக்கு வலக்கையே ஆகும். இனிக் கிதார் வாசிக்க இயலாது என மருத்துவர்கள் கூறினர். மனமுடைந்திருந்த அவரிடம் தொழிற்சாலையின் மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞரின் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் செய்தார். ரைன்ஹார்ட் 1928 இல் ஏற்பட்ட தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் தொடர்ந்து வாசித்துப் புகழ்பெற்றவர் ஆவார்.

இதனால் ஊக்கம் பெற்ற அயோமி, பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கித் தமது விரல்களுக்கு உறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் துண்டுகளை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். விரல்களுக்கு வலி குறைய மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் பான்ஜோ என்னும் கருவியின் தந்திகளும் இதற்கு உதவின.

இந்நால்வரும் 1968 இல் ஒன்றிணைந்து, முதலில் வேறு பெயர்களில் புளூஸ் இசையை வாசித்து வந்தனர். பின்னர் 1963 இல் வெளிவந்த திகில் திரைப்படம் ஒன்றின் பெயரான பிளாக் சபாத் என்பதைக் குழுவின் பெயராகக் கொண்டனர். அதே பெயருடைய முதல் தொகுப்பு 1970 பெப்ரவரி 13 அன்று வெளிவந்து ஐக்கிய இராச்சியத்தின் விற்பனைப் பட்டியலில் 8 ஆம் இடத்தைப் பெற்றது. எதிர்பாராத இவ்வெற்றியைத் தொடர்ந்து, நான்கே மாதங்களில் குழுவினர் இரண்டாவது தொகுப்புக்காக ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பினர்.

ஒலிப்பதிவு

பாரனாய்ட் 1970 ஜூன் மாதத்தில் இலண்டனிலுள்ள ரீஜென்ட் சவுண்ட், ஐலண்ட் ஆகிய கூடங்களில் பதிவு செய்யப்பட்டது. முதல் தொகுப்பைத் தயாரித்த ராட்ஜர் பெய்ன் இதனையும் தயாரித்தார். டாம் ஆலம், பிரையன் ஹம்ஃபிரீஸ் ஆகியோர் ஒலிப்பொறியாளர்களாகப் பணியாற்றினர்.

குழுவினர் அதற்கு முன் ஐரோப்பிய இரவு விடுதிகளில் ஒரே நாளில் பல முறை மேடையேறி வாசித்து வந்தனர். கைவசம் இருந்த பாடல்கள் போதாமையால் ஒரே பாடலை நெடுநேரம் நீட்டி வாசிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு மேடையில் வளர்த்தெடுக்கப்பட்ட இசைப்பகுதிகள் பல இத்தொகுப்பில் இடம்பெற்றன. ஆகவே பதிவுக்கு வந்தபோது அவர்கள் பாடல்களை நன்கு பழகியிருந்தனர். தொகுப்பில் ஒலி அடுக்குகள் குறைவாகவும், நால்வரும் ஒரே அறையில் ஒருங்கே வாசிப்பது போன்ற உணர்வு மிகுந்தும் இருப்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

இசை இயல்புகள்

இத்தொகுப்பின் பாடல்கள் பெரும்பாலும் ரிஃப் எனப்படும் இசைத்தொடர்களின் மேல் கட்டப்பட்டவை. ரிஃப் என்பது கிதாரில் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் குறுகிய, எளிதில் நினைவில் நிற்கும் இசைத்தொடர் ஆகும். அக்காலத்து ராக் பாடல்களில் ரிஃப் பாடகரின் குரலுக்குத் துணையாக நின்றது. அயோமியின் இசையிலோ ரிஃப்பே பாடலின் உடல் ஆகும். குரல் பல இடங்களில் அதனைப் பின்தொடர்ந்தே செல்கிறது.

அயோமி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைக் கொண்ட முழு இசையிணைவுகளைக் காட்டிலும், இரு சுரங்கள் மட்டுமே கொண்ட எளிய இணைவுகளை மிகுதியாகக் கையாண்டார். கருநாடக இசையின் சொற்களில் கூறுவதாயின், இவை சட்சமமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பன போன்றவை. கிதாரின் ஒலியை மிகைப்பெருக்கிச் சிதைக்கும்போது பல சுரங்கள் சேர்ந்த இணைவு கலங்கிவிடும்; சட்சம-பஞ்சம இணைவு மட்டும் தெளிவாகவும் கனமாகவும் ஒலிக்கும். காயமுற்ற விரல்களுக்கும் இவ்வகை இணைவுகளே எளிதாக இருந்தன. உடலின் குறைபாடு ஒன்று இவ்வாறு ஒரு புதிய இசைநடைக்குத் துணையாக அமைந்தது. அயோமி கிதாரின் சுருதியைத் தாழ்த்தித் தந்திகளைத் தளர்த்தியது இத்தொகுப்பில் அன்று, அடுத்து வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி தொகுப்பிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. பாரனாய்டின் கனமான ஒலி வழமையான சுருதியிலேயே பெறப்பட்டது.

பட்லரின் பேஸ் கிதார் பல இடங்களில் கிதாரின் ரிஃப்பையே தாழ்ந்த தாயியில் பின்பற்றி அதற்குக் கனம் சேர்க்கிறது. கிதார் தனித்து வாசிக்கும் பகுதிகளில் பேஸ் கிதார் இடைவெளியை நிரப்புகிறது. வார்ட், ஜீன் குருப்பா, பட்டி ரிச் ஆகிய ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். எனவே இத்தொகுப்பின் தாளம் கனமாக இருப்பினும் இறுக்கமாக இல்லாமல் அசைந்தாடும் தன்மை உடையது. பிற்காலத்து மெட்டல் குழுக்கள் பல இத்தொகுப்பின் ரிஃப்களைப் பின்பற்றின; ஆனால் இந்த அசைவை மீளப் பெற்றவை சிலவே.

பாடல்கள்

முதற்பக்கம்

1. வார் பிக்ஸ் (போர்ப் பன்றிகள்) – 7:57
2. பாரனாய்ட் – 2:48
3. பிளானட் கேரவன் (கோள் பயணம்) – 4:32
4. அயர்ன் மேன் (இரும்பு மனிதன்) – 5:56

இரண்டாம் பக்கம்

5. எலெக்ட்ரிக் ஃபியூனரல் (மின் சவ ஊர்வலம்) – 4:53
6. ஹேண்ட் ஆஃப் டூம் (அழிவின் கை) – 7:08
7. ராட் சாலட் – 2:30
8. ஃபேரீஸ் வேர் பூட்ஸ் (தேவதைகள் பூட்ஸ் அணிகின்றன) – 6:15

பாடல்கள் அனைத்தும் நால்வரின் பெயரிலும் வெளியிடப்பட்டன. எனினும் பாடல் வரிகளுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் பட்லர் ஆவார்.

வார் பிக்ஸ்: இப்பாடல் முதலில் சூனியக்காரிகளின் இரவுக் கூட்டத்தைக் குறிக்கும் வால்பர்கிஸ் என்னும் பெயரில் உருவானது. பதிவு நிறுவனம் அப்பெயரை விரும்பவில்லை. பெயரும் வரிகளும் மாற்றப்பட்டபோது பாடலின் பொருள் மேலும் கூர்மை அடைந்தது. போரைத் தொடங்கும் ஆட்சியாளர்களும் படைத்தலைவர்களும் பாதுகாப்பாக இருக்க, ஏழைகள் களத்தில் மடிகின்றனர் என்பதே பாடலின் கருத்து. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாடல் மெதுவான இசையுடனும் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கின் ஒலியுடனும் தொடங்குகிறது. பின்னர் கிதார் அதிரடியாக இரு அடிகள் ஒலித்து நின்றுவிட, டிரம்ஸின் மெல்லிய தாளத்தின் மேல் ஆஸ்போர்னின் குரல் தனித்து ஒலிக்கிறது. இசை விலகி நின்று சொல்லுக்கு வழிவிடும் இவ்வமைப்பு பாடலின் குற்றச்சாட்டுக்கு வலிமை சேர்க்கிறது. இறுதியில் போரைத் தூண்டியவர்கள் தீர்ப்பு நாளில் மண்டியிடுகின்றனர்; சாத்தான் அவர்களைக் கண்டு சிரிக்கிறான். சாத்தானை இப்பாடல் போற்றவில்லை. போரை நடத்துவோரின் இடத்தையே அவனுக்கு அருகில் வைக்கிறது.

பாரனாய்ட்: தொகுப்பின் நீளம் போதாமையால் இறுதி நேரத்தில் சேர்க்கப்பட்ட பாடல் இது. மற்றவர்கள் உணவுக்குச் சென்றிருந்த வேளையில் அயோமி இதன் ரிஃப்பை அமைத்தார். பட்லர் விரைவாக வரிகளை எழுதி முடித்தார். பாரனாய்ட் என்னும் சொல் காரணமற்ற அச்சமும் ஐயமும் கொண்டவரைக் குறிக்கும். ஆனால் பாடலின் வரிகளில் இச்சொல் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை. எதிலும் மகிழ்ச்சி காண இயலாத, பிறர் சிரிக்கும்போது தான் அழும் ஒருவனின் நிலையையே அது கூறுகிறது. தமது சொந்த மனச்சோர்வையே எழுதியதாகவும், அக்காலத்தில் இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும் பட்லர் பின்னாளில் கூறியுள்ளார். மனநோய் பற்றிப் பேசத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களிடம் சொற்களே இல்லாதிருந்த காலத்தில், மூன்று நிமிடத்துக்கும் குறைவான வேகமான பாடல் ஒன்று அதனை வெளிப்படையாகக் கூறியது.

பிளானட் கேரவன்: தொகுப்பிலேயே மிக அமைதியான பாடல். விண்வெளியில் மிதந்து செல்வதைப் பாடுகிறது. ஆஸ்போர்னின் குரல் சுழலும் ஒலிபெருக்கி ஒன்றின் வழியாகச் செலுத்தப்பட்டு, நீருக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கிறது. அயோமி புல்லாங்குழலும், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம் பியானோவும் வாசித்துள்ளனர்.

அயர்ன் மேன்: இதன் ரிஃப்பைக் கேட்ட ஆஸ்போர்ன், பெரிய இரும்பு ஆள் ஒருவன் நடந்து வருவது போல் இருக்கிறது எனக் கூறியதிலிருந்து பாடலின் தலைப்பு பிறந்தது. அதனைக் கொண்டு பட்லர் ஓர் அறிவியல் புனைகதையை எழுதினார். எதிர்காலத்துக்குச் சென்று உலகின் அழிவைக் கண்ட ஒருவன், திரும்பி வரும்போது காந்தப்புலத்தில் சிக்கி இரும்பாகிவிடுகிறான். அவனால் பேச இயலவில்லை. மக்கள் அவனைப் பொருட்படுத்தவில்லை. சினமுற்ற அவன் பழிவாங்கத் தொடங்க, தான் முன்னர் கண்ட அழிவுக்குத் தானே காரணமாகிறான். மார்வெல் படக்கதைகளின் அயர்ன் மேன் பாத்திரத்துக்கும் இப்பாடலுக்கும் தொடர்பில்லை. எனினும் 2008 இல் வெளிவந்த அயர்ன் மேன் திரைப்படத்தின் முடிவில் இதன் இசை பயன்படுத்தப்பட்டது.

எலெக்ட்ரிக் ஃபியூனரல்: அணு ஆயுதப் போரால் உலகம் அழிவதைப் பாடுகிறது. கிதாரின் ஒலி வா-வா என்னும் மிதிகருவி வழியாக வளைந்து நெளிந்து கீழிறங்குகிறது. இதன் மெதுவான நடை பிற்காலத்தில் டூம் மெட்டல் எனப்பட்ட உட்பிரிவுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

ஹேண்ட் ஆஃப் டூம்: வியட்நாமிலிருந்து திரும்பும் வழியில் ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்களில் தங்கிய வீரர்கள் பலர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததைக் கண்டு எழுதப்பட்டது. பேஸ் கிதாரின் மெல்லிய தொடக்கமும், இடையில் வெடிக்கும் கனமான இசையும் மாறிமாறி வருகின்றன. ஊசி போட்டுக்கொள்பவனை முன்னிலையில் விளித்து, அவனது முடிவை ஒளிவுமறைவின்றிக் கூறும் பாடல் இது. வார் பிக்ஸ் பாடல் போருக்கு அனுப்புவோரைப் பற்றியது என்றால், இது போரிலிருந்து திரும்பியோரைப் பற்றியது.

ராட் சாலட்: பாடல் வரிகள் இல்லாத ஆக்கம். வார்டின் டிரம்ஸ் தனிவாசிப்பு இதில் இடம்பெறுகிறது.

ஃபேரீஸ் வேர் பூட்ஸ்: மொட்டையடித்துக் கனத்த பூட்ஸ் அணிந்து திரியும் ஸ்கின்ஹெட் எனப்படும் இளைஞர் கும்பலுடன் குழுவினருக்கு ஏற்பட்ட மோதலை நையாண்டி செய்யும் வகையில் தோன்றியது.

தலைப்பும் அட்டைப்படமும்

தொகுப்புக்கு முதலில் வார் பிக்ஸ் என்றே பெயரிடப்பட்டிருந்தது. பதிவு நிறுவனம் இதனை பாரனாய்ட் என மாற்றியது. வியட்நாம் போரை ஆதரித்த அமெரிக்கர்களின் எதிர்ப்புக்கு அஞ்சியே பெயர் மாற்றப்பட்டது என்பது பரவலாகக் கூறப்படும் காரணம். பாரனாய்ட் பாடல் தனித்தட்டாக வெளிவந்து பெற்ற வெற்றியைப் பயன்படுத்திக் கொள்ளவே மாற்றப்பட்டது என்றும் கூறப்படுகிறது.

பெயர் மாறிய போதிலும் அட்டைப்படம் மாற்றப்படவில்லை. கீஃப் என்ற பெயரில் இயங்கிய ஒளிப்படக் கலைஞர் கீத் மெக்மில்லன் எடுத்த அப்படத்தில், தலைக்கவசம் அணிந்த ஒருவர் வாளும் கேடயமும் ஏந்தி இருண்ட காட்டில் மரத்தின் பின்னிருந்து பாய்கிறார். போர்ப் பன்றிகள் என்ற தலைப்பை மனதிற்கொண்டு எடுக்கப்பட்ட இப்படத்துக்கும் புதிய தலைப்புக்கும் பொருத்தம் இல்லாதது பற்றிக் குழுவினரே பலமுறை நகைச்சுவையாகப் பேசியுள்ளனர்.

வரவேற்பு

பாரனாய்ட் தனித்தட்டு ஐக்கிய இராச்சியத்தில் 4 ஆம் இடம் வரை சென்றது. இசைத்தொகுப்பு 1970 அக்டோபரில் அந்நாட்டின் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் முதல் தொகுப்பு இன்னும் விற்பனையாகிக் கொண்டிருந்தமையால் இரண்டாவதன் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. வெளிவந்தபின் அது பில்போர்ட் பட்டியலில் 12 ஆம் இடம் பெற்றது; காலப்போக்கில் அந்நாட்டில் 40 இலட்சம் படிகளுக்கான சான்றிதழையும் பெற்றது. இக்குழுவின் தொகுப்பு ஒன்று ஐக்கிய இராச்சியத்தில் மீண்டும் முதலிடம் பெற்றது 2013 இல், 13 என்னும் தொகுப்பின் மூலமே ஆகும். இடைவெளி ஏறத்தாழ 43 ஆண்டுகள்.

வெளிவந்த காலத்தில் இசை விமரிசகர்கள் பலர் இக்குழுவை ஏளனம் செய்தனர். இசை முரடானது, எளிமையானது, சாத்தான் வழிபாட்டைப் பரப்புவது என்பன அவர்கள் கூறிய குறைகள். குழுவின் பெயரும் முதல் தொகுப்பின் திகில் படிமங்களும் இக்கருத்துக்கு இடமளித்தன. ஆனால் பாரனாய்ட் தொகுப்பின் வரிகளைப் படிப்போர் அவற்றில் சாத்தான் வழிபாட்டைக் காண இயலாது. எட்டு ஆக்கங்களுள் மூன்று போரையும் அதன் விளைவுகளையும் நேரடியாகக் கண்டிக்கின்றன. அன்பையும் அமைதியையும் பாடிய 1960களின் ராக் இசைக்கு மாறாக, தொழிற்சாலை நகரத்து இளைஞர்கள் தாம் கண்ட உலகைத் தமது மொழியில் பாடினர் என்பதே பிற்காலத் திறனாய்வாளர்கள் பலரின் கருத்து.

காலப்போக்கில் மதிப்பீடு முற்றிலும் மாறியது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2017 இல் வெளியிட்ட தலைசிறந்த 100 மெட்டல் தொகுப்புகளின் பட்டியலில் பாரனாய்ட் முதலிடம் பெற்றது. அயர்ன் மேன் பாடலின் மேடைப் பதிவுக்கு 2000 ஆம் ஆண்டில் கிராமி விருது வழங்கப்பட்டது. 2006 இல் ராக் அண்ட் ரோல் புகழவையில் இக்குழு சேர்க்கப்பட்டபோது மெட்டாலிகா குழுவினர் அயர்ன் மேனை மேடையில் வாசித்தனர்.

செல்வாக்கு

இத்தொகுப்பின் செல்வாக்கை இரு வகையாகக் காணலாம். முதலாவது ஒலி சார்ந்தது. லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் ஆகிய குழுக்களும் அக்காலத்தில் கனமான ராக் இசையை வாசித்தன. ஆயினும் அவை புளூஸ் இசையின் சாயலை வெளிப்படையாகக் கொண்டிருந்தன. பாரனாய்டில் அச்சாயல் மங்கி, ரிஃப்பும் இருண்ட ஒலியும் முன்னுக்கு வந்தன. பாரனாய்ட் பாடலின் விரைவான, இறுக்கமான வாசிப்பு 1970களின் பிற்பகுதியில் தோன்றிய வேகமான மெட்டல் குழுக்களுக்கு வழிகாட்டியது. மறுபுறம் எலெக்ட்ரிக் ஃபியூனரல், ஹேண்ட் ஆஃப் டூம் ஆகியவற்றின் மெதுவான நடையிலிருந்து செயிண்ட் வைட்டஸ், டிரபிள், கேண்டில்மாஸ் முதலிய டூம் மெட்டல் குழுக்கள் வளர்ந்தன. இங்கிலாந்தின் எலெக்ட்ரிக் விசார்ட் குழு தனது பெயரையே பிளாக் சபாத்தின் இரு பாடல்களிலிருந்து அமைத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று எலெக்ட்ரிக் ஃபியூனரல் ஆகும்.

இரண்டாவது பாடுபொருள் சார்ந்தது. போர் எதிர்ப்பு, அணு அழிவு, போதை, மனநோய் ஆகியன 1980களின் திராஷ் மெட்டல் குழுக்களுக்கு வழக்கமான கருப்பொருள்களாயின. போருக்கு அனுப்பப்படும் எளிய மனிதனின் பார்வையில் எழுதும் மரபு இங்கிருந்தே வலுப்பெற்றது.

தயாரிப்பில் பங்குபற்றியோரின் பணியும் இவ்விசைவகையின் வளர்ச்சியுடன் தொடர்ந்தது. ராட்ஜர் பெய்ன், பர்மிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் முதல் தொகுப்பைத் தயாரித்தார். டாம் ஆலம் அக்குழுவின் பிரிட்டிஷ் ஸ்டீல் (1980) உள்ளிட்ட தொகுப்புகளைத் தயாரித்தார்.

இத்தொகுப்பின் பாடல்களை வெவ்வேறு இசைவகைகளைச் சேர்ந்தோர் மீளப் பாடியுள்ளனர். ஃபெயித் நோ மோர் 1989 இல் வார் பிக்ஸையும், பன்டேரா 1994 இல் பிளானட் கேரவனையும் பதிவு செய்தன. சுவீடனின் கார்டிகன்ஸ் குழு 1996 இல் அயர்ன் மேனை மென்மையான பாப் பாடலாக மாற்றியது. அமெரிக்கப் பாடகர் டி-பெய்ன் 2023 இல் வார் பிக்ஸைப் பாடினார். அதனை ஆஸ்போர்ன் வெளிப்படையாகப் பாராட்டினார்.

பர்மிங்காம் நகரமும் தனது தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களின் இசையைக் காலந்தாழ்த்தியேனும் தனதாக ஏற்றுக்கொண்டது. 2019 இல் நகரின் பாலம் ஒன்றுக்கு பிளாக் சபாத் பெயர் சூட்டப்பட்டது. 2022 இல் அங்கு நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளின் நிறைவு விழாவில் ஆஸ்போர்னும் அயோமியும் மேடையேறி பாரனாய்ட் பாடலை வழங்கினர். 2023 இல் பர்மிங்காம் ரோயல் பாலே குழு பிளாக் சபாத்தின் இசையைக் கொண்டு பாலே நடனம் ஒன்றை அரங்கேற்றியது.

இறுதி நிகழ்ச்சி

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்தாட்ட அரங்கில் பிளாக் சபாத்தின் பிரியாவிடை நிகழ்ச்சி நடைபெற்றது. நால்வரும் வளர்ந்த பகுதியிலேயே அவர்கள் இறுதியாக ஒருங்கே மேடையேறினர். நோயுற்றிருந்த ஆஸ்போர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தவாறு பாடினார். குழுவினர் அன்று நான்கு பாடல்களை மட்டுமே வாசித்தனர். அவற்றுள் வார் பிக்ஸ், அயர்ன் மேன், பாரனாய்ட் ஆகிய மூன்றும் இத்தொகுப்பைச் சேர்ந்தவை. இறுதிப் பாடலாக பாரனாய்ட் அமைந்தது. பதினேழு நாட்களின் பின், 2025 ஜூலை 22 அன்று, ஆஸ்போர்ன் தமது 76 ஆவது வயதில் காலமானார்.

பங்களித்தோர்

- ஓசி ஆஸ்போர்ன் – குரல்
- டோனி அயோமி – கிதார், புல்லாங்குழல்
- கீசர் பட்லர் – பேஸ் கிதார்
- பில் வார்ட் – டிரம்ஸ்
- டாம் ஆலம் – ஒலிப்பொறியாளர், பியானோ (பிளானட் கேரவன்)
- பிரையன் ஹம்ஃபிரீஸ் – ஒலிப்பொறியாளர்
- ராட்ஜர் பெய்ன் – தயாரிப்பு
- கீத் மெக்மில்லன் – அட்டைப்படம்

இவற்றையும் பார்க்க

- ஹெவி மெட்டல் இசை
- டூம் மெட்டல்
- ஜூடாஸ் பிரீஸ்ட்
- வியட்நாம் போர்
- பர்மிங்காம்